எடைக் குறைப்பு ஆப்பரேஷனும் எண்டோஸ்கோபியும் – ஒரு பெரியப்பாவின் அனுபவம்

(எலெக்ட்ரானிக் சிட்டி கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"முதுமையில் ஆரோக்கியம்" என்ற தலைப்பில் அரை மணி நேரம் பேச வேண்டும் என்றுதான் நமது கிளைச் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். முதுமை என்னிடம் தாராளமாக இருக்கிறது. ஆரோக்கியத்தைப் பற்றி இங்கே உட்கார்ந்திருக்கும் மாமிகள் என்னைவிட நன்றாகவே பேசுவார்கள். ஆகவே தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி வாங்கிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லப் போகிறேன். சம்பந்தப்பட்டவன் என் தம்பி பிள்ளை. "பேரைச் சொல்லாம சொல்லுங்கோ பெரியப்பா, ஆனா எல்லாத்தையும் சொல்லுங்கோ" என்று சம்மதம் கொடுத்திருக்கிறான். அவனைப் பையன் என்றே குறிப்பிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. 1971-ல் திருச்சி தேசியக் கல்லூரியில் இயற்பியல் பட்டம் வாங்கினேன். பிறகு தமிழ்நாடு தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து 2008-ல் ஓய்வு பெற்றேன். தராசு, படிக்கல், லிட்டர் படி, பெட்ரோல் பங்க் மீட்டர் ஆகியவற்றைச் சோதித்து முத்திரையிடுவது எங்கள் வேலை. எடையோடு என் சம்பந்தம் அவ்வளவுதான். அதனால் வந்த ஒரு வினையையும் பின்னால் சொல்கிறேன்.

பையனுக்கு அப்போது வயது 34. இங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, நீலாத்ரி நகரில் நண்பனோடு ஜாகை. உயரம் 170 சென்டிமீட்டர், எடை 132 கிலோ. எடையை உயரத்தின் (மீட்டர் கணக்கில்) வர்க்கத்தால் வகுத்தால் வரும் பி.எம்.ஐ. என்ற எண் அவனுக்கு 45-ஐத் தாண்டியிருந்தது. நம்மவர்களுக்கு 23 தாண்டினாலே எச்சரிக்கை என்கிறார்கள். சர்க்கரை வியாதி வந்துவிட்டது. இரவில் குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வரும்; முகமூடி மாதிரி ஒரு மெஷினை மாட்டிக்கொண்டு தூங்குவான். பட்டினி, நடை, ஜிம் எல்லாம் பார்த்தாயிற்று. பத்து கிலோ குறையும், பதினைந்து ஏறும்.

2024 ஜூலையில் அவன் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எடைக் குறைப்பு ஆப்பரேஷன் செய்துகொண்டான். பேரியாட்ரிக் சர்ஜரி என்பார்கள். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அப்பா அம்மாவிடம் "ஹெர்னியா, சின்ன ஆப்பரேஷன், நீங்க வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். என்னிடமும் அதே ஹெர்னியாதான். கையெழுத்துப் போட்டது கூட இருந்த நண்பன். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் எனக்குப் போன். "பெரியப்பா, ஜுரமா இருக்கு. இடது தோள்பட்டை வலிக்கறது." நானும் என் மாப்பிள்ளையும் போய்ப் பக்கத்திலிருந்த ஒரு நர்ஸிங் ஹோமுக்கு அழைத்துக்கொண்டு போனோம். அங்கே டியூட்டி டாக்டரிடமும் அவன் ஹெர்னியா என்றே சொன்னான். வைரஸ் ஜுரம், வயிற்றில் கேஸ் என்று ஓர் ஊசி போட்டு அனுப்பினார்கள். அவர்களை நான் குறை சொல்வதற்கில்லை. பொய் விவரத்தைக் கொடுத்துவிட்டு மெய்யான வைத்தியத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் நாடி பிடித்துப் பார்த்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

அன்றிரவு அவனை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தான். அம்மா போனில் ரசம் சாதம் சாப்பிட்டாயா என்று கேட்டாள், சாப்பிட்டேன் என்றான். ராத்திரி இரண்டு மணிக்கு நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். 15 விநாடியில் 32. நிமிஷத்துக்கு 128. சும்மா உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு 128! மறுபடி எண்ணினேன், அதே கணக்கு. "ஏண்டா, என்ன ஆப்பரேஷன்டா பண்ணிண்டே?" என்று கேட்டேன். அப்போதுதான் அவன் கண்ணில் ஜலத்தோடு சொன்னான். "அது ஹெர்னியா இல்லை பெரியப்பா."

அவன் பையில் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது. ஜுரம், தோள் வலி, மூச்சுத் திணறல், நாடி 100-க்கு மேல் போனால் உடனே வரவும் என்று கறுப்பு எழுத்தில் போட்டிருந்தது. வீட்டில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று மடித்து உள்ளே வைத்திருந்தான்.

ஓசூர் ரோட்டில் ராத்திரி லாரிகளுக்கு நடுவே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இப்போது நமக்கு வாசலிலேயே மெட்ரோ வந்துவிட்டது, 2025 ஆகஸ்டில் திறந்தார்கள். அன்றைக்குக் கார்தான். இந்த முறை முதல் வார்த்தையே "ஒன்பது நாள் முன்னால் ஸ்லீவ் ஆப்பரேஷன்" என்றுதான் சொன்னோம். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் டியூட்டி டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். சாயந்தரம் அரை மணி காத்திருந்த இடத்துக்கும் இதற்கும் அவ்வளவு வித்தியாசம். மருந்து கலந்த ஜலத்தைக் குடிக்க வைத்து சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். விடிவதற்குள் தெரிந்துவிட்டது. தைத்த இரைப்பையின் மேல் நுனியில் ஓர் ஓட்டை. அதன் வழியே கசிந்து, மண்ணீரல் பக்கத்தில் சீழ் தேங்கியிருந்தது. உதரவிதானத்தின் கீழே சீழ் உறுத்தினால் வலி தோள்பட்டையில் தெரியும். நரம்புகளின் இணைப்பு அப்படி.

இங்கே ஸ்லீவ் என்றால் என்ன என்று கொஞ்சம் விளக்க வேண்டும். நம் இரைப்பை ஒரு தோல் பை மாதிரி, லிட்டர் கணக்கில் விரியும். அதன் வெளிப்பக்கத்தை நீளவாக்கில் வெட்டி, நான்கில் மூன்று பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது சட்டைக் கை மாதிரி ஒரு குறுகிய குழாய். வெட்டுகிறபோதே டைட்டானியம் ஊசிகளால் வரிசையாகத் தைத்துக்கொண்டு போகும் ஸ்டேப்ளர் கருவி உண்டு. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் மேல் பகுதியும் போய்விடுவதால் பசியும் குறைகிறது. பைபாஸ் என்று இன்னொரு முறை. அதில் இரைப்பையின் மேல் நுனியில் ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு, சிறுகுடலை மேலே தூக்கி அதோடு நேராக இணைப்பார்கள். அமெரிக்காவில் எட்வர்ட் மேசன் 1966-ல் ஆரம்பித்து வைத்த முறையின் வழிவந்தது அது. நம் நாட்டில் நிதின் கட்கரி 2011-லும் அருண் ஜேட்லி 2014-லும் இத்தகைய ஆப்பரேஷன் செய்துகொண்ட செய்தி வந்த பிறகுதான் சாதாரண ஜனங்களுக்கு இதெல்லாம் தெரியவந்தது.

இன்னொன்று. 2022 மே மாதம் பெங்களூரில் ஒரு சின்னத்திரை நடிகை கொழுப்பு நீக்கும் சிகிச்சையில் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அது தோலுக்கடியில் உள்ள கொழுப்பை அழகுக்காக எடுப்பது. நான் சொல்லும் ஆப்பரேஷன் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஓர் இளைஞர் எடைக் குறைப்பு ஆப்பரேஷனுக்கே போய் மரணமடைந்ததும் உண்மை. நல்ல இடங்களில் இதில் உயிருக்கு ஆபத்து ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான். கசிவு ஏற்படுவது நூற்றுக்கு ஒருவர், இருவருக்கு. அந்த ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நமக்கு அது நூற்றுக்கு நூறு.

ஓட்டை ஏன் மேல் நுனியில் விழுகிறது? டாக்டர் இதை விளக்கியபோது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய என் கல்லூரிப் பாடம் ஞாபகம் வந்தது. பெரிய பையாக இருந்தபோது சாப்பாடு வந்தால் அது தளர்ந்து இடம் கொடுக்கும், உள்ளே அழுத்தம் ஏறாது. ஸ்லீவ் ஆனபின் அது விறைப்பான சைக்கிள் டியூப். கீழ் நுனியில் குடலுக்குப் போகும் வாசலில் இயற்கையான வால்வு அப்படியே இருக்கிறது. நடுவில் எங்காவது வளைந்து குறுகிவிட்டால் கேட்கவே வேண்டாம், அழுத்தம் முழுவதும் மேலே போகிறது. மேலேதான் சுவர் மெல்லியது, ரத்த ஓட்டமும் குறைவு. தோட்டத்து ஹோஸ் பைப்பை நடுவில் மிதித்தால் குழாய்ப் பக்கத்து மூட்டு பிய்த்துக்கொள்கிறதல்லவா, அதே கதை. பையனுக்கும் நடுவில் குறுகல் இருந்தது.

மறுபடியும் வயிற்றைக் கிழிப்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன். வயிறு முழுவதும் சீழ் பரவி, ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால் கிழித்துக் கழுவத்தான் வேண்டும், வேறு வழியில்லை. இவனுக்கு சீழ் ஓரிடத்தில் கட்டுப்பட்டிருந்தது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே விலாவுக்கடியில் ஒரு ரப்பர் குழாயைச் செருகிச் சீழை வெளியே விட்டார்கள். ஆண்டிபயாடிக் ஏற்றினார்கள். அடுத்த நாள் மறுநாள் எண்டோஸ்கோபி.

அந்த எண்டோஸ்கோபி டாக்டர் கன்னடக்காரர், தமிழ் சரளமாகப் பேசினார். ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். "ஓட்டையை அடைச்சிடுவேளா?" என்று கேட்டேன். "அடைக்க மாட்டேன் சார். திறந்து வைப்பேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு அவர் சொன்னது: உள்ளே சீழ்க் குழி இருக்கும்போது வாயை மூடினால் குழி நிரம்பி வேறெங்காவது உடைக்கும். குழியை இரைப்பைக்குள்ளேயே வடியவிட்டால், வடிய வடிய குழி சுருங்கும். கடைசியில் ஓட்டை தானாகத் தூர்ந்துவிடும். எங்கள் பாட்டி கட்டி உடைந்த இடத்தில் மேல்தோல் சீக்கிரம் மூடிவிடக்கூடாது என்று துணித் திரி வைப்பாள். உள்ளிருந்து ஆறி வரட்டும் என்பாள். அதேதான்! அவர் வைத்தது திரிக்குப் பதில் இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள். இரு முனையும் சுருண்டிருக்கும், ஒரு சுருள் சீழ்க் குழிக்குள், மறு சுருள் இரைப்பைக்குள். நழுவாது. டபுள் பிக்டெயில் ஸ்டென்ட் என்று பெயர். பிக்டெயில் என்றால் பன்றிவால் என்று நான் மொழிபெயர்த்ததும் என் தம்பி மனைவி, "ஸ்வாமி பேரா ஏதாவது வெச்சிருக்கப்படாதா?" என்றாள். அத்தனை கவலையிலும் எல்லோரும் சிரித்தோம்.

பித்தக்குழாய் அடைப்புக்கும் கணையத்தின் நீர்க்கட்டிக்கும் நீண்ட நாளாகப் பயன்பட்ட குழாய்தான் இது. 2010-க்குப் பிறகு பிரெஞ்சு டாக்டர்கள் இதை ஸ்லீவ் கசிவுக்கு அதிகமாகப் பயன்படுத்திப் பிரபலமாக்கினார்கள். விலையும் சில ஆயிரம்தான்.

அதே சிட்டிங்கில் நடுவிலிருந்த குறுகலையும் பலூன் வைத்து விரித்தார். அதை விரிக்காமல் மேலே என்ன செய்தாலும் பயனில்லை. ஹோஸ் பைப் மேலிருந்து காலை எடுக்க வேண்டுமே. பையனுக்கு மூச்சு நிற்கும் கோளாறு இருந்ததால் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்தார்கள். உள்ளே ஊதுவதற்குக் காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்ஸைடு. ஓட்டை வழியாக வெளியே கசிந்தாலும் உடம்பு சீக்கிரம் உறிஞ்சிவிடுமாம். விஞ்ஞான மாணவனாக இதைக் கேட்டு எனக்கு ஒரு சந்தோஷம்.

இந்த இடத்தில் ஒரு சிறிய விலகல், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒளியைக் கண்ணாடி இழைக்குள் செலுத்தி வளைத்துக் கொண்டுபோகலாம், அதன் வழியே படத்தையே அனுப்பலாம் என்று 1954-ல் லண்டனில் ஹாப்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து காட்டியவர் நம் பஞ்சாபில் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. அதை வைத்து 1957-ல் அமெரிக்காவில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் எண்டோஸ்கோப்பைச் செய்தார். முதலில் தன் தொண்டையில்தான் விட்டுப் பார்த்தார். கபானிக்கு 2021-ல் பத்ம விபூஷண் கொடுத்தபோது அவர் காலமாகி இருந்தார். இப்போது இழைக்குப் பதில் நுனியில் கேமரா சில்லு. நம் நாட்டிலும் இந்தத் துறை எவ்வளவோ வளர்ந்திருக்கிறது. ஹைதராபாத் ஏ.ஐ.ஜி. மருத்துவமனையின் டாக்டர் நாகேஸ்வர ரெட்டிக்கு 2025-ல் பத்ம விபூஷண் கிடைத்தது இந்த வாய்வழி வைத்தியத்துக்காகத்தான்.

கசிவுக்கு வேறு முறைகளும் உண்டு. ஓட்டை புதிதாக, பெரிதாக இருந்தால் சிலர் உலோக வலை ஸ்டென்டைப் போடுகிறார்கள். நிக்கல், டைட்டானியம் கலந்த நிட்டினால் என்ற உலோகம், மேலே சிலிக்கோன் உறை. ஒல்லியாக மடித்து உள்ளே விட்டால், விடுபட்டதும் தன் பழைய வடிவத்துக்கு விரிந்துகொள்ளும். சாப்பாடும் எச்சிலும் ஓட்டையைத் தொடாமல் குழாய்க்குள் போய்விடும். ஸ்லீவ்காரர்களுக்கென்றே நீளமான ஸ்டென்டுகள் தென் கொரியாவில் தயாராகின்றன. நான்கிலிருந்து ஆறு வாரம் வைத்திருந்து எடுத்துவிடுவார்கள். நெஞ்சு வலி, வாந்தி, ஸ்டென்ட் கீழே நழுவிப் போவது என்று அதில் சங்கடங்கள் உண்டு. கரடி நகம் மாதிரிக் கவ்வும் கிளிப் ஒன்று இருக்கிறது, மிகச் சிறிய, சுத்தமான ஓட்டைக்கு. ஸ்பாஞ்ச் துண்டைக் குழிக்குள் வைத்து மெஷினால் உறிஞ்சும் முறையும் உண்டு, சில நாளுக்கு ஒரு தரம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எதை எப்போது என்பது டாக்டரின் தீர்மானம். நாம் இன்டர்நெட்டில் படித்துவிட்டு அவரிடம் வாதாடக்கூடாது. நான் வாதாடினேன், அதனால் சொல்கிறேன்.

ஒரே சிட்டிங்கில் முடிகிற காரியம் இல்லை இது. தம்பியும் அவன் மனைவியும் மூன்றாம் நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தார்கள். மூக்கு வழியாகச் சிறுகுடல் வரை ஒரு மெல்லிய ஆகாரக் குழாய் வைத்திருந்தார்கள். வாய் வழியே ஒன்றும் கிடையாது. குழாயில் ஆஸ்பத்திரி கொடுத்த ஆகாரப் பவுடரை மட்டும் கரைத்து ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த நாலாம் நாள், பிள்ளை பவுடரிலேயே இருக்கிறானே என்று மனசு கேட்காமல், தம்பி மனைவி புழுங்கலரிசிக் கஞ்சியை இரண்டு முறை துணியில் வடிகட்டிக் குழாயில் விட்டாள். பால் மாதிரிதான் இருந்தது. சாயங்காலம் குழாய் அடைத்துவிட்டது. புதுக் குழாய் வைக்க இன்னொரு எண்டோஸ்கோபி, இன்னொரு மயக்கம், இன்னொரு பில். அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளே இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஆவணி அவிட்டத்தன்று மூக்கில் குழாயோடு மணையில் உட்கார்ந்து பூணூல் மாற்றிக்கொண்டான். சாஸ்திரிகள் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாவது வாரம் உள்ளே பார்த்துப் பழைய குழாய்களை எடுத்துவிட்டு, குழி சுருங்கியிருந்ததால் ஒரே ஒரு குட்டையான குழாயை வைத்தார்கள். வாய் வழியே திரவ ஆகாரம் ஆரம்பமாயிற்று. பதினோராவது வாரம், நவராத்திரிக்கு நடுவில், கடைசிக் குழாயும் வந்துவிட்டது. குழி இருந்த இடத்தில் ஒரு தழும்பு மட்டும்தான். டாக்டர் அதை டி.வி. திரையில் எனக்குக் காட்டினார். நான் எத்தனையோ தராசுக்கு முத்திரை போட்டிருக்கிறேன், ஒரு தழும்பைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அந்தப் பதினோரு வாரத்தில் பாதி நாள் தம்பி பிள்ளையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "அண்ணா, பெத்த அப்பா கிட்ட ஹெர்னியான்னு சொல்லியிருக்கானே" என்பதுதான் அவன் ஆற்றாமை. ஒரு நாள் ராத்திரி நான் துணைக்குப் படுத்திருந்தபோது பையனிடமே கேட்டேன், ஏன் மறைத்தாய் என்று. ஒன்பது ஜாதகம் பொருந்தி, போட்டோ பார்த்ததும் வேண்டாம் என்று வந்த கதையை முதலில் சொன்னான். ஆப்பரேஷன் செய்துகொண்டான் என்று தெரிந்தால் அதுவும் போய்விடும் என்று பயம். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னான். "நீங்களும்தான் பெரியப்பா. கும்பகோணம் கல்யாணத்துல, அத்தனை பேர் நடுவுல, இவனை நிறுக்க லாரி எடை மேடைக்குத்தான் போகணும், முத்திரை நானே போடறேன்னு சொன்னேள். எல்லாரும் சிரிச்சா. நானும் சிரிச்சேன்."

எனக்கு அந்தக் கல்யாணம் ஞாபகம் இருந்தது. அந்தப் பேச்சு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன், நான் அப்படிப்பட்ட ஆள்தான். அவனுக்கு அது ஆறு வருஷமாக ஞாபகம் இருந்திருக்கிறது. அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் போர்வையைச் சரி செய்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் தம்பி வந்ததும், பையன் எதிரிலேயே இதை அவனிடம் சொன்னேன். தம்பி ஒன்றும் பேசவில்லை. பிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றி எனக்குக் கொடுத்தான், பிறகு பிள்ளையின் கட்டிலில் போய் உட்கார்ந்தான்.

இனி பல ஊர்களில் இதைப் படிக்கப் போகும் நம் அங்கத்தினர்களுக்காகச் சில விஷயங்கள். உங்கள் வீட்டில் யாராவது இந்த ஆப்பரேஷனுக்கு யோசித்தால், பிரச்சினை வந்தால் ராத்திரியில் எண்டோஸ்கோபி செய்ய அங்கேயே ஆள் இருக்கிறாரா, ஐ.சி.யு. இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். சி.டி. மேஜைக்கும் எடை வரம்பு உண்டு. மிகவும் கனமானவர்கள் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கசிவுகளில் பாதிக்கு மேல் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. ஆகவே முதல் ஒரு மாதம் தினமும் நாடியை எண்ணுங்கள், அதற்கு மெஷின் வேண்டாம். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தை ஆப்பரேஷனைப் பற்றியதாக இருக்கட்டும்.

பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குச் சிக்கல்கள் வேறு விதம். குடலும் இரைப்பையும் சேரும் வாய் குறுகி வாந்தி வரும். பலூன் வைத்து ஒன்று, இரண்டு, மூன்று தடவை விரித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த வாயில் புண் வரும். முழங்கால் வலி என்று கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையும் சிகரெட்டும் அதற்கு முக்கியக் காரணங்கள். பித்தக்கல் எடை குறையும் வேகத்தில் உண்டாகும். பைபாஸ்காரர்களுக்கு அந்தக் கல் பித்தக்குழாயில் இறங்கிவிட்டால் சாதாரண எண்டோஸ்கோப் அவ்வளவு தூரம் போய் எட்டாது, பெரிய நிபுணர்கள் வேண்டும். அதனால்தான் முதல் ஆறு மாதம் கல் உண்டாகாமலிருக்க மாத்திரை தருகிறார்கள். எந்த ஆப்பரேஷன் ஆனாலும் நாள்கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் என்ற பி-1 ஊசி போட வேண்டும். விட்டுவிட்டால் மூளை பாதிக்கப்படும். இதை நீங்களே டாக்டருக்கு ஞாபகப்படுத்தினாலும் தப்பில்லை. நாம் மாமிசம் தொடாதவர்கள், பி-12 முன்பே குறைவு. ஆயுசு முழுவதும் அதற்கு ஊசியோ மாத்திரையோ உண்டு. ஏகாதசியன்று ஜலம்கூட அருந்தாமல் இருப்பதெல்லாம் இவர்களுக்குக் கூடவே கூடாது.

2025-ல் மவுஞ்சாரோ, வெகோவி என்று வார ஊசிகள் நம் நாட்டுக்கு வந்துவிட்டன. ஆப்பரேஷன் இனி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அது என் சக்திக்கு மீறிய கேள்வி. ஆனால் அந்த ஊசி வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். எண்டோஸ்கோபிக்கு முன் மயக்க டாக்டரிடம் அதையும் சொல்லிவிட வேண்டும்.

பண விஷயம். பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்ற வியாதிகளோடு இருந்து, மற்ற வழிகள் பலிக்காமல், டாக்டர் சிபாரிசில் செய்தால் இதை விலக்கக்கூடாது என்ற அடிப்படையில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி 2020-லிருந்து இருக்கிறது. உங்கள் பாலிசியின் சிறிய எழுத்தையும் படித்துக்கொள்ளுங்கள். பையனுக்கு முதல் ஆப்பரேஷன் கம்பெனி பாலிசியில் போயிற்று. பின்னால் வந்த செலவில் ஒரு பகுதி தம்பியின் ஃபிக்ஸட் டெபாசிட்டிலிருந்து போயிற்று.

பையன் இப்போது 92 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை நின்றுவிட்டது. முகமூடி மெஷின் பரணில் இருக்கிறது. ஸ்லீவ் ஆனவர்களுக்கு அமிலம் மேலே ஏறி உணவுக்குழாயைப் பழுதாக்கலாம், அதனால் தொந்தரவு இல்லாவிட்டாலும் ஒரு வருஷம் கழித்து, பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் எண்டோஸ்கோபி பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

பேச்சு முடிந்ததும் கூட்டத்தில் ஒரு மாமி எழுந்து, "அவனுக்கு வரன் பாக்கறேளா?" என்று கேட்டார். பார்க்கிறோம். ஆனால் ஜாதகம் அனுப்பும்போதே ஆப்பரேஷனையும், அதன் பிறகு நடந்ததையும் ஒரு பக்கத்தில் எழுதிச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பது பையனின் நிபந்தனை. தம்பி முதலில் தயங்கினான், இப்போது அந்தப் பக்கத்தை அவனே தன் கைப்பட எழுதுகிறான். இரண்டு இடத்திலிருந்து பதில் வந்திருக்கிறது.